ரீஃபண்ட் வருது, கூடவே நாலு 1040-இஎஸ் வவுச்சரும் வருது: ஏன், என்ன செய்யணும்?

அமெரிக்க வருமான வரி ரிட்டர்னில் எழும் இந்தக் கேள்விக்கு மூன்று ஊர்களிலிருந்து பதில்கள்.

எடிசன், நியூ ஜெர்சி:
ரிட்டர்னில் ரீஃபண்ட் என்று இருக்கும். பிடிஎஃப்பின் கடைசியில் தொகை போட்டு நான்கு 1040-இஎஸ் வவுச்சர் (வரியை முன்கூட்டியே தவணையாகக் கட்டுவதற்கான தாள்) நிற்கும். பயப்பட வேண்டாம், அது ஐ.ஆர்.எஸ் (அமெரிக்க வரித் துறை) அனுப்பிய பில் இல்லை. ரீஃபண்ட் முடிந்த வருஷத்துக்கு, வவுச்சர் நடக்கிற வருஷத்துக்கு. ஈ-ஃபைல் செய்யும்போது அது ஐ.ஆர்.எஸ்ஸுக்குப் போவதும் இல்லை.

காரணம் 1040 என்ற வரி ரிட்டர்ன் படிவத்திலேயே தெரியும் (2024 படிவத்தின் எண்கள் இவை). லைன் 24 மொத்த வரி, 25டி சம்பளம் முதலியவற்றில் ஏற்கெனவே பிடித்த வரி (பிடித்தம்), 26 நீங்களே தவணையாகக் கட்டியது. 24-இல் 14,000 டாலர், 25டி-இல் 11,500, 26-இல் 4,000 என்றால் ரீஃபண்ட் 1,500. அடுத்த ஆண்டுக்கும் வரி அதே 14,000, பிடித்தம் அதே 11,500தான் என்று மென்பொருள் வைத்துக்கொள்ளும். லைன் 26-ஐச் சேர்க்காது. அதைத்தானே இனிமேல் கட்டச் சொல்கிறது! துண்டு 2,500, நான்கு தவணையில் 625 வீதம்.

டாலஸ்:
வவுச்சரைக் கிழிச்சுப் போடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. பிடித்தமும் கிரெடிட்டும் போக இந்த வருஷ பாக்கி 1,000 டாலருக்குக் கீழேன்னா அபராதம் இல்லை. மேலேன்னா, இந்த வருஷ வரியில 90 சதவீதம் அல்லது போன வருஷ வரியில 100 சதவீதம், எது குறைவோ அது உள்ளே போயிருக்கணும். போன வருஷ ஏஜிஐ (சில கழிவுகள் போக மொத்த வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தா அந்த 100, 110 ஆயிடும். கணவன் மனைவி ரெண்டு பேரும் சம்பாதிக்கிற வீட்டுல கோட்டை விடறது இங்கதான்.

இன்னொண்ணு, ஊர்ல போட்ட எஃப்.டி வட்டி. இங்க ரெசிடென்ட்னா அதுக்கும் வரி உண்டு. இந்தியாவுல டிடிஎஸ் பிடிச்சது ஐ.ஆர்.எஸ் கணக்குல பிடித்தம் ஆகாது. பெரும்பாலும் 1116 படிவத்துல கிரெடிட்டா கேட்கலாம். ஆர்.எஸ்.யு-வுலயும் (கம்பெனி ஊழியருக்குக் கொடுக்கற பங்கு) துண்டு விழும், பெரும்பாலும் 22 சதவீதம்தான் பிடிப்பாங்க. 32 சதவீத ஸ்லாப்ல இருக்கறவங்களுக்குப் பெரிய துண்டு விழும்.

வவுச்சர் தொல்லையே வேண்டாம்னா டபிள்யூ-4ல (சம்பளத்துல எவ்வளவு வரி பிடிக்கணும்னு கம்பெனிக்குக் கொடுக்கற படிவம்) ஸ்டெப் 4சி. துண்டு 2,500, இந்த வருஷம் இன்னும் 20 தடவை சம்பளம் வரும்னா அங்க 125னு எழுதிக் கொடுங்க. பிடித்தத்தை எந்த மாசம் பிடிச்சாலும் வருஷம் முழுக்கச் சமமா கட்டினதா எடுத்துக்குவாங்க, அதனால செப்டம்பர்ல கவனிச்சாலும் சரிசெய்யலாம். வவுச்சருக்கு அந்தச் சலுகை இல்லை. ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15, எந்தத் தவணை தவறினாலும் அன்னையிலிருந்து அபராதம் ஓடும்.

ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா:
மாநிலத்தை மறந்துடாதீங்க. கலிஃபோர்னியாவின் 540-இஎஸ் (மாநில வரிக்கான தவணை வவுச்சர்) சமத் தவணை இல்லை: 30, 40, 0, 30 சதவீதம். செப்டம்பரில் ஒன்றும் கிடையாது. அபராதம் இல்லாத பாக்கி வரம்பும் 500 டாலர்தான்.

மேலே சொன்ன 1,500-ஐ ரீஃபண்டாக வாங்காமல் லைன் 36-இல் அடுத்த ஆண்டுக்குத் திருப்பினால் முதல் இரண்டு தவணையும் அதிலேயே தீர்ந்துவிடும், மூன்றாவதற்கு 375 கட்டினால் போதும். ஆனால் திருப்பியதை ஏப்ரல் கெடுவுக்குப் பிறகு ரீஃபண்டாகத் திரும்பக் கேட்க முடியாது.

டைரக்ட் பே-யில் (ஐ.ஆர்.எஸ் இணையதளத்தில் பணம் கட்டும் வசதி) கட்டும்போது காரணம் எஸ்டிமேட்டட் டாக்ஸ், படிவம் 1040-இஎஸ், ஆண்டு வவுச்சரில் உள்ள ஆண்டு. பலர் ரிட்டர்ன் ஆண்டையே தேர்ந்துவிடுகிறார்கள். பணம் பழைய கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1040-வி என்ற தாள் வந்தால் அது வேறு, அந்த ரிட்டர்னிலேயே பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.