வேட்பாளரின் சொத்து, கடன் விவர அறிக்கை: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். உள்ளாட்சித் தேர்தலில் முதன்முறையாகப் போட்டியிடும் என் அக்காவுக்குச் சொத்து விவர அறிக்கையை நிரப்ப உதவி வருகிறேன். இது தேர்தல் செலவுக் கணக்கிலிருந்து வேறானது என்பதும், பதவியில் எடுக்கும் முடிவுகள் சொந்த ஆதாயத்தோடு மோதுமா என்பதை வாக்காளர்கள் அறியவே வருமானம், நிலம், பங்குகள், கடன்கள் கேட்கப்படுகின்றன என்பதும் தெளிவாகவே உள்ளன, அது நியாயமானதும்கூட. ஆனால், இன்னும் பாகம் பிரிக்கப்படாத குடும்பச் சொத்தில் அவருடைய பங்கை மட்டும் காட்டுவதா, முழு மதிப்பையும் எழுதி உரிமை விகிதத்தைக் குறிப்பதா? கணவரின் தொழில் கடனுக்கு அவர் ஜாமீன் கையெழுத்திட்டிருப்பதையும் கடன் பட்டியலில் சேர்க்க வேண்டுமா? சிறு விடுபடலும் மறைத்ததாகக் கருதப்படலாம் என்பதால், இத்தகைய அறிக்கையைத் தாக்கல் செய்தவர்களும் வழக்கறிஞர்களும் தணிக்கையாளர்களும் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.