ஜெயநகர் 1.35 கோடி, ஆனேக்கல் ரோடு 68 லட்சம்: சொத்து வரியையும் சேர்த்தால் எது கட்டுப்படியாகும்?

பிடிஎம்_வாடகைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் மனைவியும் பெங்களூர் பிடிஎம் லேஅவுட்டில் வாடகைக்கு இருக்கிறோம். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, அவளுக்கு இந்திராநகரில். பையனை அடுத்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், வீட்டுக்காரரோ வருடா வருடம் வாடகையை ஏற்றிக்கொண்டே போகிறார், சரி சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று அலைந்ததில் இரண்டு இடம் தேறியிருக்கிறது. ஒன்று ஜெயநகரில் ரீசேல் ஃபிளாட், 1000 சதுர அடி, முப்பது வருடப் பழசு, 1.35 கோடி கேட்கிறார்கள். இன்னொன்று சந்தாபுரா தாண்டி ஆனேக்கல் ரோட்டில், கிராமப் பஞ்சாயத்து எல்லைக்குள், 1250 சதுர அடி, புதுசு, 68 லட்சம். பாதி விலை. நீச்சல் குளம் வேறு காட்டுகிறார்கள் (இப்போதைக்கு அதில் தண்ணீர் இல்லை).

குழப்பம் எங்கே என்றால், டல்லாஸில் இருக்கும் அண்ணன் போன் பண்ணி "விலையை மட்டும் பார்த்து இறங்கிவிடாதே, சொத்து வரியைப் பார்" என்கிறார். அவர் அங்கே புறநகரில் மலிவு என்று வாங்கி, இப்போது வருடத்துக்கு எட்டாயிரம் டாலருக்கு மேல் கட்டுகிறார். லோன் முடிந்தாலும் இது முடியாது என்று புலம்பல். பெங்களூரில் ஊருக்குள், ஊருக்கு வெளியே என்று வரியில் பெரிய வித்தியாசம் உண்டா? பெங்களூர் மாநகராட்சியான பிபிஎம்பியை ஐந்து மாநகராட்சியாகப் பிரித்துவிட்டார்களே, நாளைக்கு ஆனேக்கல் பக்கத்தையும் உள்ளே இழுத்தால் வரி எகிறுமா? போதாக்குறைக்கு மாமனார் "ஓசூரில் தனி வீடே வாங்கலாமே மாப்பிள்ளை" என்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை_ராஜாஜிநகர்:

அண்ணன் சொல்வது டல்லாஸுக்கு நூற்றுக்கு நூறு சரி. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்கான பணத்தில் பெரும்பங்கு சொத்து வரியில்தான் வருகிறது, அதனால் வீட்டின் மதிப்பில் இரண்டு சதவீதத்தை ஒட்டி வரி போகிற ஊர்கள் அங்கே சாதாரணம். கலிபோர்னியாவில் இது தாங்காமல் 1978இல் வாக்கெடுப்பு நடத்தி, அடிப்படை வரி ஒரு சதவீதம், வரிக்கான மதிப்பு வருடத்துக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று கட்டிப் போட்டார்கள். அங்கே வீடு வாங்குபவன் வரியைப் பார்க்காமல் இறங்கினால் தொலைந்தான்.

இங்கே கதை வேறு. பெங்களூரில் 2008 முதல் யூனிட் ஏரியா வேல்யூ முறை. ஊரை ஏ முதல் எஃப் வரை ஆறு மண்டலமாகப் பிரித்து, சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு விகிதம் வைத்திருக்கிறார்கள். அதைப் பத்து மாதத்துக்குப் பெருக்கி, கட்டடத்தின் வயதுக்குத் தேய்மானம் கழித்து, மிச்சத்தில் 20 சதவீதம் வரி. அந்த வரியின் மேல் 24 சதவீதம் செஸ், அதாவது கூடுதல் வரி. நீங்கள் ஜெயநகர் வீட்டில் குடியிருக்கப் போகிறீர்கள், விகிதம் சதுர அடிக்கு 2 ரூபாய் 40 காசு என்று வைத்துக்கொள்வோம். 1000 சதுர அடிக்குப் பத்து மாதத்துக்கு 24,000. அதில் 20 சதவீதம் 4,800, செஸ் 1,152, ஆக மொத்தம் 5,952 ரூபாய். தேய்மானம் கழிக்காமலே இவ்வளவுதான், முப்பது வருடக் கட்டடத்துக்கு இன்னும் குறையும். 1.35 கோடி வீட்டுக்கு வருடம் ஆறாயிரம் என்றால் நூறு ரூபாய்க்கு ஐந்து காசு கூட வரவில்லை. 2025 ஏப்ரலிலிருந்து குப்பைக் கட்டணத்தையும் வரியோடு சேர்த்து வாங்குகிறார்கள், உங்கள் அளவுக்கு அது மாதம் 50 ரூபாய்.

இப்போது விலைப் பக்கம் வாருங்கள். இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் 67 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் லட்சத்துக்கு 868 ரூபாய் இஎம்ஐ, ஆக மாதம் 58,000 சொச்சம். பஞ்சாயத்தில் வரியே கிடையாது என்று வைத்துக்கொண்டாலும் அந்தப் பக்கம் மிச்சமாவது மாதம் ஐந்நூறு ரூபாய். இந்த ஐந்நூறை வைத்து அந்த ஐம்பத்தெட்டாயிரத்தைத் தீர்மானிக்க முடியாது.

வரி என்றுதான் பார்ப்பேன் என்றால் பதிவுச் செலவைப் பாருங்கள். ஸ்டாம்ப் டூட்டி 5 சதவீதம், அதன் மேல் செஸ், சர்சார்ஜ், அப்புறம் பதிவுக் கட்டணம். பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் ஒன்றிலிருந்து இரண்டு சதவீதமாகிவிட்டது. எல்லாம் சேர்த்து 7.6 பக்கம் வரும். ஜெயநகருக்குப் பத்தே கால் லட்சம், ஆனேக்கலுக்கு ஐந்து லட்சத்துச் சொச்சம். அந்த ஐந்து லட்ச வித்தியாசம் ஜெயநகர் வீட்டுக்கு எண்பது வருடத்துச் சொத்து வரி!

சந்தாபுரா_வாசி:

கணக்குப்பிள்ளை சார் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் வெளியே குடியிருப்பவன் கட்டுகிற வரி எந்த ரசீதிலும் வராது சார். எங்கள் அபார்ட்மென்ட்டில் மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய். 1250 சதுர அடிக்கு மாதம் ஐயாயிரம், வருடத்துக்கு அறுபதாயிரம். ஜெயநகர் வரியைப் போல் பத்து மடங்கு. தண்ணீர் இதில் சேர்த்தி இல்லை. கோடையில் ராத்திரி பதினோரு மணிக்கு டேங்கர் ரிவர்ஸ் எடுக்கிற பீப் பீப் சத்தத்தில்தான் இங்கே தூக்கமே. செக்யூரிட்டி டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு சம்ப் மூடியைத் திறந்து மூங்கில் குச்சியை இறக்கி, ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் அந்த நோட்டை வைத்துத்தான் சங்கக் கூட்டத்தில் சண்டை. 2024 மார்ச்சில் டேங்கருக்கு அரசு விலை நிர்ணயித்தது, ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று. அந்த விலைக்குக் கூப்பிட்டால் எங்கள் பக்கம் ஒரு வண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை.

தண்ணீரையும் சேர்த்து மெயின்டனன்ஸ் மாதம் 7,500ஐத் தாண்டி, சங்கத்தின் வருட வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டி. நீச்சல் குளம் காட்டினார்கள் என்றீர்களே, அந்த இடத்தில்தான் அது புகும். அந்த ஜிஎஸ்டி மட்டுமே உங்கள் சொத்து வரியைப் போல் இரண்டு மூன்று பங்கு.

எல்லையை விரிவுபடுத்தினால் வரி ஏறுமா என்று கேட்டீர்கள். ஐந்து மாநகராட்சிகளும் பழைய பிபிஎம்பி எல்லையைப் பிரித்து உண்டாக்கியவை, ஆனேக்கல் பக்கம் உருவானபோது அதில் சேரவில்லை. ஆனால் முன்கதை ஒன்று இருக்கிறது. 2007இல் பிபிஎம்பி உருவானபோது 110 கிராமங்களை உள்ளே சேர்த்தார்கள். அவற்றுக்கென்று போட்ட காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது 2024 அக்டோபரில். நடுவில் 17 வருடம் மாநகராட்சி வரியும் கட்டினார்கள், டேங்கருக்கும் கட்டினார்கள். வரி ஏறுவதைப் பற்றி எனக்குப் பயமில்லை, ஏறட்டும், பின்னாலேயே குழாய் வருமா என்பதுதான் என் கேள்வி.

இவ்வளவு சொன்னாலும் நான் விற்றுவிட்டுப் போகப் போவதில்லை. ஐந்து வருடத்துக்கு முன் ஜெயநகரில் எனக்கு ஒரு பாத்ரூம்தான் கிடைத்திருக்கும். ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டி, ஸ்கூட்டரில் போய்வந்துவிடுகிறேன். உங்கள் வீட்டில் பிரச்சினை உங்களுக்கு இல்லை, மேடத்துக்குத்தான். மெட்ரோ மஞ்சள் லைன் 2025 ஆகஸ்டில் வந்துவிட்டது, சரி, ஆனால் பொம்மசந்திராவில் ஏறி ஆர்.வி. ரோட்டில் பச்சைக்கு மாறி, மெஜஸ்டிக்கில் ஊதாவுக்கு மாறி இந்திராநகர். அதற்கு முன்னால் வீட்டிலிருந்து பொம்மசந்திரா வரை ஆட்டோ. ஒரு வாரம் அவரைப் போய்வரச் சொல்லிப் பாருங்கள், அப்புறம் விலை பேசலாம்.

ஓசூர்க்காரன்:

மாமனாருக்காக ஒரு வார்த்தை. ஓசூர் 2019இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது, பழைய நினைப்பில் பேசாதீர்கள். சொத்து வரி இங்கே அரையாண்டுக்கு ஒருமுறை, 2022இல் தமிழ்நாடு முழுக்க ஏற்றினார்கள், பெரிய வீட்டுக்கு ஏற்றமும் பெரிது. ஆனாலும் வரிக்காக யாரும் ஓசூரை விட்டு ஓடவில்லை. கவனிக்க வேண்டியது பதிவுச் செலவு: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2023க்கு முன் 11ஆக இருந்தது, அதைக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றிவிட்டார்கள். 68 லட்சம் என்றால் ஆறு லட்சத்துச் சொச்சம் எடுத்து வைக்க வேண்டும்.

நல்லது என்ன என்றால் பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் மாமனாரே உட்கார்ந்து வரி வரியாகப் படித்துப் பார்க்கலாம், ஏஜென்ட் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஆனால் தினமும் இந்திராநகர்? ப்ரோ, அத்திப்பள்ளி எல்லையில் காலை எட்டரைக்கு நிற்கிற லாரி வரிசையைப் பார்த்திருக்கிறீர்களா? மாமனார் ஓய்வுக்குப் பின் வந்து இருக்க நல்ல ஊர். உங்களுக்கு வேண்டாம்.

மல்லேஸ்வரம்_மாமி:

எல்லோரும் புது வீட்டையே பேசுகிறீர்கள், பழைய வீட்டைப் பற்றி நான் சொல்கிறேன், பழைய கட்டடத்தில் குடியிருப்பவள் என்ற முறையில்.

வரி குறைவு என்பது வாஸ்தவம், அதிலும் ஏப்ரலில் மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. ஆனால் இது சுயமதிப்பீடு. சொந்தக்காரர் எழுதிக் கொடுப்பதுதான் கணக்கு. வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சதுர அடி விகிதம் இரட்டிப்பு, அதனால் நிறையப் பேர் வாடகைக்கு விட்டுவிட்டு நாங்களே இருக்கிறோம் என்று எழுதிவிடுவார்கள். பால்கனியை மூடி அறையாக்கியிருப்பார்கள், அளவில் அது வந்திருக்காது. 2021இல் மண்டலத்தை மாற்றிக் குறித்துக் குறைவாகக் கட்டியிருக்கிறீர்கள் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் போனது ஞாபகம் இருக்கும். எங்கள் மாடியில் ஒருவர் வாங்கிய புதிதில், முந்தைய ஓனர் விட்ட பாக்கியை வட்டியோடு கட்டினார். ஆகவே ரசீதை வாங்கி, அதில் எழுதியிருக்கிற சதுர அடியும் வீட்டில் டேப் வைத்து அளந்ததும் ஒத்துப்போகிறதா பாருங்கள். காதா (சொத்து மாநகராட்சிப் பதிவேட்டில் யார் பேரில் இருக்கிறது என்ற சான்று) கணினிப் பதிவான இ-காதாவாக மாறியிருக்கிறதா என்றும் கேளுங்கள், அது இல்லாமல் இப்போது பதிவே நடக்காது.

அதைவிட முக்கியம் யுடிஎஸ், அதாவது நிலத்தில் உங்களுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு. முப்பது வருடக் கட்டடத்தில் நீங்கள் கொடுக்கும் 1.35 கோடி சுவருக்கு இல்லை, அடியில் இருக்கிற நிலத்துக்கு. எத்தனை சதுர அடி நிலம் உங்கள் பேரில் வருகிறது என்று பத்திரத்தில் பாருங்கள். அப்புறம் லிஃப்ட் எப்போது மாற்றினார்கள், சங்கத்தில் கையிருப்பு எவ்வளவு. நாங்கள் போன வருடம் சாக்கடைக் குழாய் மாற்றினோம், வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தபோது நாலு பேர் பேச்சுவார்த்தையையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் காவிரித் தண்ணீர் வருகிறது, பையன் பள்ளிக்கு நடந்து போவான்.

பிடிஎம்_வாடகைக்காரன்:

மாமி, கணக்குப்பிள்ளை சார், எல்லோருக்கும் நன்றி. ஜெயநகருக்கு இஎம்ஐ எங்கள் இரண்டு பேர் சம்பளத்தில் பாதிக்கு மேல் போய்விடும், அதனால்தான் தயக்கம். ஆனேக்கல் பில்டரிடம் காகிதம் கேட்டேன். பஞ்சாயத்து வரி கட்டின ரசீது, படிவம் 11பி அனுப்பியிருக்கிறார். ஓசி (கட்டடத்தில் குடியேறலாம் என்ற சான்றிதழ்) கேட்டால் "வந்துவிடும் சார், வரி கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்கிறார். பரவாயில்லையா?

கணக்குப்பிள்ளை_ராஜாஜிநகர்:

பரவாயில்லை இல்லை. டோக்கன் அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.

11பி என்றால் முறையான அனுமதி இல்லாத சொத்தையும் வரிக்காகப் பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், 11ஏ இருக்க வேண்டிய இடம் அது. ஊருக்குள் பி-காதா என்கிறோமே, அதன் கிராமத்து அண்ணன். வரி வாங்குவார்கள், எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குவார்கள், அதனால் கட்டடம் சட்டப்படி ஆகிவிடாது. இப்படிப்பட்டதை முறைப்படுத்தத்தான் அக்ரம-சக்ரம என்று கொண்டு வந்தார்கள், 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. ஓசி இல்லாவிட்டால் மின்சாரம், தண்ணீர் இணைப்பு தரக்கூடாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெரிய வங்கிகள் 11பிக்கு லோன் தர யோசிக்கும், சின்ன நிதி நிறுவனம் வட்டியைக் கூட்டித் தரும், நீங்கள் விற்கப் போகும்போதும் அடுத்தவனுக்கு இதே கதை. 68 லட்சம் என்று விலை ஏன் இறங்கியிருக்கிறது என்பதற்குப் பாதிப் பதில் இதில் இருக்கிறது.

ஜெயநகரும் முடியாது, ஆனேக்கலும் இது என்றால் நடுவில் பாருங்களேன். மஞ்சள் லைனில் ஹொங்கசந்திரா, கூட்லு கேட், சிங்கசந்திரா ஸ்டேஷன்களை ஒட்டி, பத்துப் பன்னிரண்டு வருட ரீசேல், முறையான ஏ-காதா, ஓசி இருப்பதாகத் தேடுங்கள். அதெல்லாம் முன்பு பொம்மனஹள்ளி நகராட்சியாக இருந்து 2007இல் பிபிஎம்பிக்குள் வந்த பக்கம். உங்கள் ஆபீஸுக்கு அதே லைனில் சில ஸ்டேஷன், மேடத்துக்கு ஆட்டோ மிச்சம். தண்ணீருக்கு மட்டும் பில்டரையோ புரோக்கரையோ கேட்காதீர்கள். வாட்ச்மேனிடம் ஏப்ரல் மாதம் எத்தனை டேங்கர் வந்தது என்று கேளுங்கள்.

சந்தாபுரா_வாசி:

அந்தக் குச்சி நோட்டையும் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் அடுத்த வீட்டைப் பாருங்கள்.