புர்கோஸில் ஒரு நாள் ஓய்வு: நடந்தவர்கள் வழி சொல்லுங்களேன்

வணக்கம். செப்டம்பரில் அம்மாவும் நானும் கமினோ என்ற கிறிஸ்தவ யாத்திரைப் பாதையில் நடக்கப் போகிறோம், பிரெஞ்சு எல்லைப் பக்கத்திலிருந்து ஸ்பெயினின் சாந்தியாகோ நகரம் வரை கிட்டத்தட்ட 780 கிலோமீட்டர். நடுவில் ஸ்பெயினின் புர்கோஸில் ஒரு முழுநாள் ஓய்வு எடுக்க நினைக்கிறோம், ஏனென்றால் அதற்கப்புறம் லியோன் நகரம் வரை நிழல் குறைந்த மெசேத்தா சமவெளி, அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. சிக்கல் என்னவென்றால், நகராட்சி நடத்தும் யாத்ரீகர் விடுதிகளில் பொதுவாக ஒரு இரவுதான் தங்க விடுவார்கள். இரண்டு இரவும் ஒரே இடத்தில் தங்க, பழைய நகரத்தை ஒட்டி, லிஃப்ட் உள்ள எளிய அறை யாருக்காவது தெரியுமா? கதீட்ரலைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார் அம்மா. மற்றபடி துணி துவைத்து, காலை நீட்டிப் படுக்கத்தான் அந்த நாள். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், அதைத் தவிர்க்கிறோம். அப்புறம், ஓய்வை லியோனுக்குத் தள்ளிப்போடுவது முழங்காலுக்கு நல்லதா?