1080 டிஐ, 3060 கிராஃபிக்ஸ் கார்டு இரண்டிலும் 3584 கோர்தான். அப்புறம் எதற்குப் புதுசு?

கோவை_கார்த்தி:

எல்லோருக்கும் வணக்கம். என் மெஷின்: ரைசன் 5 2600, பி450 போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 1080பி மானிட்டர். கிராஃபிக்ஸ் கார்டு என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, இனி அதை வைத்து ஓட்ட முடியாது.

பழக்கமான கடையில் செகண்ட் ஹேண்ட் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 13,000 ரூபாய்க்கு வருகிறது. அதே கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, அதுவும் செகண்ட் ஹேண்ட், 17,000. எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். குடா கோர் (கணக்குப் போடும் குட்டி யூனிட்) இரண்டிலும் 3584. மெமரி பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதை) 1080 டிஐ-யில் 352 பிட், நொடிக்கு 484 ஜிபி. 3060-ல் 192 பிட், 360 ஜிபிதான். டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு எத்தனை லட்சம் கோடிக் கணக்கு) 11.3, 12.7. மெமரி 11 ஜிபி, 12 ஜிபி. இதற்கா நாலாயிரம் கூடுதல்? புதுசாக 4060 வாங்கலாம் என்று பார்த்தால் 3072 கோர், 128 பிட், 272 ஜிபி. வருஷம் ஏற ஏற எண் இறங்குகிறதே!

வேலரன்ட், ஜிடிஏ 5 விளையாடுவேன். பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேர் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஈரோடு_மெக்கானிக்:

தம்பி, கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடு, தப்பில்லை. தலைமுறை தாண்டினால் அது செல்லாத நோட்டு.

2018-ல் என்விடியாவின் டூரிங் தலைமுறை வந்தபோது தசமக் கணக்குக்கு ஒரு வரிசை, முழு எண் கணக்குக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். கோர் என்று எண்ணியது முதல் வரிசையை மட்டும். 2020-ல் ஆம்பியர் வந்தது, 3060-ன் தலைமுறை. முழு எண் வரிசைக்கும் தசமக் கணக்கைப் பழக்கிவிட்டு, இரண்டு வரிசையையும் கோர் என்று எண்ணிவிட்டார்கள். ஓட்டலில் பார்சல் கட்டுபவருக்கும் தோசை ஊற்றத் தெரியும் என்பதற்காக 'இரண்டு தோசை மாஸ்டர்' என்று போர்டு வைத்த மாதிரி. பார்சல் வந்துவிட்டால் கல்லில் நிற்பது ஒருவர்தான். கேமில் பார்சல் நிறையவே வரும். 100 தசமக் கட்டளைக்குச் சுமார் 36 முழு எண் கட்டளை என்று டூரிங் வந்த சமயத்தில் என்விடியாவே சொன்னது.

இதை வைத்து டூரிங்கின் 2080 டிஐ-யையும் ஆம்பியரின் 3070-ஐயும் பார். முதலாவதில் 4352 கோர், 13.4 டெராஃப்ளாப்ஸ். இரண்டாவதில் 5888 கோர், 20.3. பேப்பரில் ஒன்றரை மடங்கு. கேமில் இரண்டும் ஏறத்தாழச் சமம். டெராஃப்ளாப்ஸ் என்பது கோரை இரண்டால் பெருக்கிக் கடிகார வேகத்தால் பெருக்கினால் வருவது, அவ்வளவுதான். யாரும் கேமை ஓட்டி அளந்த எண் இல்லை அது.

சரி, உன் ஜோடிக்கு வருவோம். 1080 டிஐ-யின் பாஸ்கல் தலைமுறையில் முழு எண் வேலையும் அதே கோரில்தான் ஓடும். அதனால் இந்த ஒரு ஜோடியில் உன் 3584-க்கு 3584 ஓரளவு நியாயமாகவே அமைந்துவிட்டது. சொல்லப்போனால் உன் எக்செல்லில் விட்டுப்போன இரண்டு வரியும் பழைய கார்டு பக்கம்தான்: உருவங்களின் பரப்பில் படம் ஒட்டும் டெக்ஸ்சர் யூனிட் 224-க்கு 112, பிக்சலை முடித்து மெமரியில் எழுதும் ஆர்ஓபி 88-க்கு 48. பழைய கேம்களில் 1080 டிஐ சரிக்குச் சரி நிற்கும், சிலவற்றில் முந்தும்.

ஆனால் ஸ்பெக் ஷீட்டில் இல்லாததுதான் இங்கே பெரிசு. பாஸ்கலில் ரே டிரேசிங்குக்கான (ஒளிக்கதிரைத் தொடர்ந்து நிழல், பிரதிபலிப்பு வரைவது) ஆர்டி கோர் இல்லை, ஏஐ கணக்குக்கான டென்சர் கோர் இல்லை. சின்னப் படத்தை ஏஐ-யால் பெரிதாக்கி வேகம் கூட்டும் டிஎல்எஸ்எஸ் கிடையாது. உருவங்களின் முக்கோணங்களைக் கையாளும் புது முறையான மெஷ் ஷேடர் கிடையாது. 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. 2025 அக்டோபரோடு பாஸ்கலுக்குப் புது கேம் டிரைவரும் நின்றுவிட்டது. 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும். கார்டில் கணக்குப் போட வைக்கும் என்விடியா சாஃப்ட்வேரான குடா 13-லும் பாஸ்கலைத் தூக்கிவிட்டார்கள். பிளெண்டர் என்கிறாய் அல்லவா? ஆப்டிக்ஸ் என்ற என்விடியா முறையில் ரெண்டர் போட்டால் 3060-ன் ஆர்டி கோர் வேலை செய்யும். அங்கே 1080 டிஐ பக்கத்திலேயே வராது.

பாஸ்கல்_பக்தன்:

அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் என் 1080 டிஐ-க்காக ஒரு வார்த்தை. 2017-ல் வந்த கார்டு, 11 ஜிபி. 2023-ல் வந்த 4060-க்கே 8 ஜிபிதான் கொடுத்தார்கள்! 1440பி-யில் பழைய கேம்களை இன்றைக்கும் அசராமல் ஓட்டுகிறேன். வேலரன்ட் மட்டும் என்றால் இவற்றில் எந்தக் கார்டும் ஓட்டும், கார்த்தி. உங்கள் 2600 ப்ராசஸர்தான் முதலில் மூச்சு வாங்கும்.

சூடு மட்டும் நிஜம். 250 வாட். மே மாதத்தில் ரூம் கதவைத் திறந்து வைத்துத்தான் விளையாடுவேன், வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே.

கோவை_கார்த்தி:

நன்றி அண்ணா. பிளெண்டருக்காகவே 3060 பக்கம் சாய்கிறேன். இரண்டு சந்தேகம். 272 ஜிபியை வைத்துக்கொண்டு 4060 எப்படி 3060-ஐ முந்துகிறது? என் 450 வாட் போதுமா?

ஈரோடு_மெக்கானிக்:

4060-ல் சிப்புக்குள்ளேயே 24 எம்பி எல்2 கேஷ் என்ற வேகமான குட்டி மெமரி இருக்கிறது. 3060-ல் 3 எம்பிதான். தேவைப்படும் டேட்டா பாதிக்கு மேல் உள்ளேயே கிடைத்துவிட்டால் வெளி மெமரிக்கு ஓடுவது குறைகிறது, அதனால் குறுகிய பஸ் போதுகிறது. 1080பி-யில் இது நன்றாக எடுபடும், 4கே-யில் கேஷ் போதாது. கடிகார வேகமும் அதிகம், அதுவும் 115 வாட்டில். ஆனால் 8 ஜிபி நிரம்பினால் எந்தக் கேஷும் காப்பாற்றாது. 4060 போர்டோடு பதினாறுக்குப் பதில் எட்டு லேனில் (டேட்டா பாதை) பேசும் கார்டு; உன் பி450 பழைய பிசிஐஇ 3.0 இணைப்பு உள்ள போர்டு. நிரம்பி வழிவதை ரேமிலிருந்து இழுக்கும்போது அந்தப் பாதை பாதிதான் இருக்கும். பிளெண்டரில் பெரிய சீன் போட ஆசையிருந்தால் 12 ஜிபி உள்ளதை எடு.

450 வாட் நல்ல கம்பெனியுடையது என்றால் 3060-ன் 170 வாட்டும் உன் 65 வாட் ரைசனும் தாங்கும். பெட்டியில் 550 என்று போட்டிருப்பார்கள், அது கண்ட கண்ட எஸ்எம்பிஎஸ்ஸையும் மனதில் வைத்துப் போடுவது. 1080 டிஐ-க்கு என்விடியா சொன்னது 600. அதற்குப் பவர் ஒயரே இரண்டு வேண்டும், 8 பின்னும் 6 பின்னும். உன் 1050 டிஐ ஒயரே இல்லாமல் ஓடியிருக்கும். மூடியைக் கழற்றி 6+2 பின் ஒயர் இருக்கிறதா என்று முதலில் பார்.

கடையில் காசு கொடுக்கும் முன் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டச் சொல். ஷேடர் (கோரைத்தான் அப்படிக் காட்டும்) 3584, பஸ் 192 பிட், மெமரி 12288 எம்பி. பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று வந்தால் பயாஸ் (கார்டுக்குள் எழுதியிருக்கும் அடிப்படை சாஃப்ட்வேர்) மாற்றிய கார்டு, எழுந்து வந்துவிடு. 3060-லேயே 128 பிட், 8 ஜிபி என்று ஒரு ரகமும் உண்டு, பெட்டியில் பெயர் ஒன்றுதான். அப்புறம் ஏதாவது ஒரு ஸ்ட்ரெஸ் டெஸ்டைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்று பார். ஃபேனையும் காது கொடுத்துக் கேள். கடைக்காரர் அவசரப்படுத்தினால் டீ வாங்கிக் கொடு.