குளிரில் காய்கறிக் குப்பை மக்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

குன்னூர்க்காரி:
குன்னூரில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். சீசனில் தினமும் ஒரு பக்கெட் காய்கறித் தோலும் மிச்சச் சோறும் சேரும். குப்பை வண்டி சந்துக்குள் வராது. எண்பது படி ஏறி மெயின் ரோட்டில் கொடுக்கணும். ஒருநாள் தவறினால் ராத்திரி காட்டுமாடு வந்து டிரம்மை உருட்டிவிடும். போன மாதம் கரடி. மூடியில் நகக்கீறல் அப்படியே இருக்கிறது.

சரி, உரமாக்கலாம் என்று பெயின்ட் பக்கெட்டில் ஓட்டை போட்டு ஆரம்பித்தேன். யூடியூபில் ஒரு சென்னை அம்மா நாற்பது நாளில் கறுகறுவென்று உரம் அள்ளுகிறார். எனக்கு மூன்று மாதம் ஆகியும் வாழைப்பழத் தோல் தோலாகவே கிடக்கிறது, அடியில் சாக்கடை நாற்றம்.

இன்னொன்று. பக்கத்து வீட்டில் விடிந்ததும் குப்பையை எரிக்கிறார்கள். மாமனாருக்கு வீசிங். மார்கழியில் அந்தப் புகை எங்கள் சந்திலிருந்து நகர்வதே இல்லை. சண்டை இல்லாமல் எப்படிச் சொல்வது?

கோத்தகிரி தோட்டம்:
பக்கெட்தாங்க தப்பு. மக்கும்போது நுண்ணுயிர்களே சூடு உண்டாக்கும். சின்னப் பக்கெட்டில் அந்தச் சூடு நிற்காது, நம் ஊர்க் குளிர் உறிஞ்சிவிடும். மூன்றடி நீளம், அகலம், உயரத்துக்குக் குவியலாகப் போடுங்கள். சரியாக அமைந்தால் நடுவில் 55, 60 டிகிரி வரும், கை வைக்க முடியாது. ஒரு வீட்டுக் குப்பை போதாது, நாலு வீட்டைச் சேருங்கள்.

நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், காற்று இல்லை என்று அர்த்தம். ஒரு பக்கெட் ஈரக்குப்பைக்கு இரண்டு பக்கெட் சருகு. சில்வர் ஓக் இலை எங்கே பார்த்தாலும் கிடக்கும், ஆனால் லேசில் மக்காது. காலால் மிதித்து நொறுக்கிப் போடணும். ஐப்பசி மழைக்கு முன்பே சாக்கில் கட்டி வைத்துவிடுங்கள், நான் ஒரு வருஷம் அசந்து நாறிப்போனேன். மேலே ஒரு தகரம். வாரம் ஒருமுறை கிளறணும்.

கறி, மீன், எண்ணெய்ப் பண்டம் கண்டிப்பாகக் கூடாது. எண்ணெய் வாசனைக்குக் கரடி கோயில் விளக்கையே தேடி வருகிறது, உங்கள் பஜ்ஜியை விடுமா?

ரிட்டயர்டு சுகாதார ஆய்வாளர்:
குளிர்காலக் காலையில் பள்ளத்தில் குளிர்ந்த காற்று தங்கும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். அதனால்தான் புகை ஏறுவதில்லை. எரிக்கிற குப்பையில் பி.வி.சி. பிளாஸ்டிக் கலந்திருந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும். மாமனாருக்கு மட்டுமில்லை, எரிப்பவருக்கும் கெடுதல்தான்.

திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் அம்மா, சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். எதை எரிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். என் சர்வீஸில் நான் கண்டது, முக்கால்வாசி வெட்கம்தான். நாப்கின், டயப்பரை வெளியே கொடுக்கக் கூச்சப்பட்டு எரிப்பார்கள். தாளில் இறுக்கச் சுற்றி, தனிப் பொட்டலமாகக் கொடுத்தால் போதும்.

உடைந்த கண்ணாடியையும் அப்படியே சுற்றிக் கொடுங்கள். தூய்மைப் பணியாளர் கையில் கீறல் இருந்து, எலி மூத்திரம் கலந்த தண்ணீர் பட்டால் எலிக்காய்ச்சல் வரும். கையுறை போடாமல் வேலை பார்ப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

குன்னூர்க்காரி:
சார் சொன்னது அப்படியே சரி. அந்த வீட்டுப் பாட்டி படுத்த படுக்கை, தினமும் மூன்று டயப்பர். அதைத்தான் அந்த அக்கா எரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அழுதுவிட்டார். மூன்று நாளாகப் புகை இல்லை, படி ஏறும்போது அவர்கள் பொட்டலமும் என் கையில்தான்.

குவியலை அவர்கள் கொல்லையில் போட்டிருக்கிறோம். இன்று காலை கை விட்டுப் பார்த்தேன், வெந்நீர்ச் சூடு. சருகுதான் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் யாரிடமாவது இரண்டு சாக்கு இருக்கா?