டைமர் ஈவென்ட் ஓடுகிறது, ஆனால் பக்கத்தில் லேபிள் மாறவில்லை

அரைப்புள்ளி:
ஏ.எஸ்.பி. டாட்நெட் வெப் ஃபார்ம்ஸ் (மைக்ரோசாஃப்டின் வலைப்பக்கக் கட்டமைப்பு) பக்கம். மேலே நேரம் காட்டும் லேபிள், நடுவில் தேடலுக்கு ஒரு டெக்ஸ்ட்பாக்ஸ், கீழே நிலுவை ஆர்டர்கள் கிரிட்வியூவில் (அட்டவணை கன்ட்ரோல்). லேபிளும் கிரிட்டும் 5 நொடிக்கு ஒருமுறை தானாக மாற வேண்டும். பேஜ் லோடில் (பக்கம் ஏற்றப்படும்போது சர்வரில் ஓடும் ஈவென்ட்) சிஸ்டம் டைமர்ஸ் நேம்ஸ்பேஸின் டைமரை உருவாக்கி, இன்டர்வெல் 5000 கொடுத்து, அதன் ஈவென்ட்டில் லேபிளின் டெக்ஸ்ட்டை மாற்றுகிறேன். பிரேக்பாயின்ட் வைத்தால் சரியாக வந்து நிற்கிறது, எர்ரரும் இல்லை. பிரவுசரில் மட்டும் முதலில் வந்த நேரமே கிடக்கிறது. ஏன்?

நூலிழை:
அந்த டைமர் ஓடுவது சர்வரில். பக்கத்தின் எச்டிஎம்எல் பிரவுசருக்குப் போனதுமே அந்த ரிக்வெஸ்ட் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் மாற்றும் லேபிள் யாருக்கும் போய்ச் சேராத ஒரு ஆப்ஜெக்ட். போதாக்குறைக்கு, பக்கம் திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு புது டைமர் சர்வரில் ஓடத் தொடங்கும். முதலில் அதை எடுத்துவிடுங்கள்.

கடிகாரம் பிரவுசரில் ஓட வேண்டும். ஃபார்முக்குள் முதலில் ஒரு ஸ்கிரிப்ட்மேனேஜர் (பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கத் தேவையான ஸ்கிரிப்ட்டைத் தரும் கன்ட்ரோல்). லேபிளையும் கிரிட்டையும் ஒரு அப்டேட்பேனலுக்குள் (முழுப் பக்கமும் ரீலோட் ஆகாமல் தான் மட்டும் மாறும் பகுதி) வைத்து அப்டேட்மோடை கண்டிஷனல் ஆக்குங்கள். பேனலுக்கு வெளியே டைமர் கன்ட்ரோல். இன்டர்வெல் மில்லிசெகண்டில், அதாவது 5000 (எதுவும் கொடுக்காவிட்டால் 60000). பேனலின் ட்ரிகர்ஸ் பகுதியில் அசிங்க் போஸ்ட்பேக் ட்ரிகர் (பக்கத்தைப் பின்னணியில் சர்வருக்கு அனுப்பி இந்தப் பேனலை மாற்றச் சொல்வது) போட்டு டைமரின் ஐடியையும் டிக் ஈவென்ட்டையும் கொடுங்கள். ட்ரிகரை மறந்தால் டிக் ஒவ்வொன்றுக்கும் முழுப் பக்கமும் ரீலோட் ஆகும்.

டைமரைப் பேனலுக்குள்ளேயும் வைக்கலாம், ட்ரிகர் தேவையில்லை. ஆனால் அப்போது பதில் வந்த பிறகுதான் அடுத்த எண்ணிக்கை தொடங்கும். சர்வர் 3 நொடி எடுத்தால் உங்கள் 5 நொடி 8 ஆகிவிடும். கிரிட்டின் குவெரி மெதுவானது என்றால் அதுவே நல்லது என்பேன்.

அரைப்புள்ளி:
மாறுகிறது, நன்றி. ஆனால் டெக்ஸ்ட்பாக்ஸில் தட்டும்போது எழுத்துகள் காணாமல் போகின்றன. கிரிட்டில் எடிட் செய்யும்போதும் அப்படியே.

பூச்சிபிடிப்பவர்:
டெக்ஸ்ட்பாக்ஸும் பேனலுக்குள் சிக்கியிருக்கிறது. 'கணக்கு' என்று தட்டுகிறீர்கள். 'கண' வரை வந்தபோது டிக் அடித்து அந்த மதிப்பு சர்வருக்குப் போகிறது. பதில் வருவதற்குள் மீதியைத் தட்டிவிடுகிறீர்கள். வந்த பதில் பெட்டியையே 'கண' என்று புதிதாக வரைகிறது, கர்சரும் போய்விடுகிறது. பெட்டியை வெளியே எடுங்கள். லேபிளும் கிரிட்டும் அதற்கு மேலும் கீழும் இருப்பதால் இரண்டு பேனல்கள் வையுங்கள். ஒரே டைமரை இரண்டின் ட்ரிகரிலும் குறிப்பிடலாம்.

எடிட்டுக்கு இந்த வழி உதவாது. கிரிட்டின் ரோ எடிட்டிங் ஈவென்ட்டில் டைமரின் எனேபிள்டை ஃபால்ஸ் ஆக்கி, அப்டேட், கேன்சல் இரண்டிலும் ட்ரூ ஆக்குங்கள். கேன்சலில் மறப்பதுதான் வழக்கம். பிறகு கிரிட் செத்துப்போனது போல நிற்கும்.

இன்னொன்று: பேனல் சின்னதாக இருந்தாலும் டிக் ஒவ்வொன்றிலும் முழு வியூஸ்டேட் (கன்ட்ரோல்களின் நிலையைப் பக்கத்திலேயே மறைத்து வைத்திருக்கும் தரவு) சர்வருக்குப் போகிறது, பேஜ் லோடும் ஓடுகிறது. பேஜ் லோடில் கிரிட் பைண்டிங்கை (தரவை நிரப்புவதை) 'இஸ் போஸ்ட்பேக்' சோதனைக்குள் வைத்து முதல்முறை மட்டும் ஓடவிடாவிட்டால், பேஜ் லோடில் ஒன்று, டிக்கில் ஒன்று என குவெரி இரண்டு முறை ஓடும். 100 பேர் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தால் நொடிக்கு 20 டிக், குவெரி 40. குவெரியின் முடிவை 5 நொடிக்கு கேஷில் (சர்வரின் தற்காலிக நினைவகத்தில்) வையுங்கள்.

நூலிழை:
செஷனையும் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் வைத்திருக்கும் தற்காலிகத் தரவு) கவனியுங்கள். இயல்பான காலாவதி 20 நிமிடம், ஆனால் ஒவ்வொரு டிக்கும் அதை நீட்டித்துக்கொண்டே இருக்கும். ஆள் எழுந்து போனாலும் லாகின் அப்படியே இருக்கும். பேஜ் லோடில் ஸ்கிரிப்ட்மேனேஜரின் அசிங்க் போஸ்ட்பேக் சோர்ஸ் எலிமென்ட் ஐடி (போஸ்ட்பேக்கைக் கிளப்பிய கன்ட்ரோல் எது என்பது), டைமரின் யூனிக் ஐடிதானா என்று பாருங்கள். இல்லையென்றால் மட்டும் 'கடைசிச் செயல் நேரம்' என்று செஷனில் எழுதுங்கள். டிக்கில் அந்த நேரத்தைப் பார்த்து 20 நிமிடம் தாண்டியிருந்தால் வெளியேற்றிவிடுங்கள்.

தறியன்:
வெறும் நேரம் காட்ட சர்வருக்கே போக வேண்டாம், லேபிளை ஜாவாஸ்கிரிப்ட்டிடம் விடுங்கள். கிரிட்டுக்கும் வெப்மெத்தட் (பிரவுசர் நேரடியாகக் கூப்பிடக்கூடிய சர்வர் ஃபங்ஷன்) ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட்டின் ஃபெட்ச் மூலம் கூப்பிட்டு, தரவை மட்டும் ஜேசன் வடிவில் வாங்கினால் வியூஸ்டேட் சுமை இல்லை. அப்படிச் செய்தால் செட்இன்டர்வெல் (பதிலுக்குக் காத்திராமல் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப ஓடுவது) வேண்டாம்: சர்வர் தாமதித்தால் ரிக்வெஸ்ட்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். பதில் வந்ததும் செட்டைம்அவுட்டால் (ஒருமுறை மட்டும் ஓடுவது) அடுத்ததைத் தொடங்குங்கள். தோல்வியடைந்தாலும் தொடங்க வேண்டும், இல்லையென்றால் ஒரு நெட்வொர்க் தடங்கலோடு எல்லாம் நின்றுவிடும்.

எந்த வழியானாலும், பின்னால் கிடக்கும் டேபில் டைமர் சொன்ன நேரத்துக்கு அடிக்காது. குரோம் 88 (2021) முதல், 5 நிமிடத்துக்கு மேல் மறைந்திருக்கும் டேபில் இப்படித் தொடர்ந்து ஓடும் டைமர்களை நிமிடத்துக்கு ஒருமுறைதான் எழுப்பும். ஆகவே எத்தனை டிக் என்று எண்ணி நேரம் கணக்கிடாதீர்கள். தொடக்க நேரத்தைக் குறித்துவைத்து, இப்போதைய நேரத்திலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். டேப் மீண்டும் முன்னே வந்ததும் விசிபிலிட்டிசேஞ்ச் ஈவென்ட்டில் (டேப் மறையும்போதும் தெரியும்போதும் பிரவுசர் எழுப்புவது) ஒருமுறை உடனே புதுப்பித்துவிடுங்கள்.