உதவித்தொகைக்கு எந்த மாதச் சம்பளச் சீட்டு?

செம்பனை அம்மா (சுங்கை சிப்புட், மலேசியா): மகனுக்குத் தொழிற்கல்லூரியில் வெல்டிங் கிடைத்திருக்கிறது, உதவித்தொகை பாரத்தில் வீட்டு வருமானம் கேட்கிறார்கள். வீட்டுக்காரர் தோட்டத்தில் செம்பனைக் (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுகிறார், மழை மாதத்தில் சம்பளம் பாதிதான். எந்தச் சீட்டை வைப்பது?

பழைய மாணவன்: மூன்று மாதச் சீட்டும் வையுங்கள் அக்கா, தோட்ட ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தர்) ஒரு கடிதமும் வாங்குங்கள். நான் ஓவர்டைம் மாதச் சீட்டை மட்டும் வைத்து, வருமானம் அதிகம் என்று பாரம் திரும்பி வந்தது. அப்புறம், பேங்க் கணக்கு பையன் பேரிலேயே இருக்கட்டும்.

லோரிக்காரன்: யாராவது பிடிபிகே (அரசாங்கத்தின் திறன் மேம்பாட்டு நிதிக் கழகம்) பாரம் நீட்டினால் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். அது எஸ்கேஎம் என்ற மலேசியத் திறன் சான்றிதழ் பயிற்சிக்கான கடன், படிக்கும்போது கைச்செலவுக்கும் வரும், ஆனால் திருப்பிக் கட்டணும்.

செம்பனை அம்மா: சரி தம்பி. கிராணி லீவாம், திங்கட்கிழமை போய்ப் பிடிக்கிறேன்.